பழைய பித்தளையா, புதிய பித்தளையா? – வாசகர் கேள்வி பதில்

சுட்ட தோட்டாவின் பித்தளை உறையில் மீண்டும் பிரைமரும் (அடிபட்டதும் பவுடரைப் பற்றவைக்கும் சிறு வெடிமூடி) பவுடரும் குண்டும் ஏற்றிப் பயன்படுத்தும் வாசகர்களிடமிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே ஐயத்தைச் சுற்றியே அமைந்திருந்தன. கையில் இருக்கும் பழைய உறைகளை நம்பலாமா, புதியவற்றை வாங்க வேண்டுமா என்பதே அது. உரிமமும், வீட்டில் தோட்டா நிரப்புவதற்குத் தாம் வாழும் நாட்டின் சட்ட அனுமதியும் உள்ளவர்களுக்காகவே இந்தப் பதில்கள் எழுதப்படுகின்றன.

கேள்வி: ஐயா, என் பெரியப்பா காலமான பின் அவருடைய பொருள்களோடு .30-06 என்ற ரைஃபிள் தோட்டா அளவின் உறைகள் நிறைந்த பெட்டி ஒன்று என்னிடம் வந்தது. சிலவற்றின் அடியில் ‘எஃப்.ஏ.’ என்ற எழுத்துகளும் இரண்டு இலக்க எண்ணும் உள்ளன, சிலவற்றில் ‘எல்.சி.’ என்று இருக்கிறது. இன்னும் சிலவற்றில் எனக்குப் புரியாத குறிகள் உள்ளன. பார்வைக்கு எல்லாமே திடமாகத்தான் தெரிகின்றன. இவற்றை நிரப்பிச் சுடலாமா? அல்லது புதிதாக நூறு உறைகள் வாங்கிவிடுவதுதான் நல்லதா?

பதில்: பித்தளை வயதானதால் மட்டும் கெட்டுப்போவதில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தோட்டா உறைக்குரிய பித்தளை என்பது ஏறத்தாழ எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த உலோகம். உலர்ந்த இடத்தில், கெட்ட வாயுக்கள் படாமல் இருந்தால், எண்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அது தன் குணத்தை இழக்காது. உறையைக் கெடுப்பவை அந்த எண்பது ஆண்டுகளில் அதற்கு நேர்ந்த சங்கதிகள்: எந்தப் பிரைமரால் சுடப்பட்டது, எந்தத் துப்பாக்கியில் சுடப்பட்டது, எத்தனை முறை, எதனால் கழுவப்பட்டது, எங்கே வைக்கப்பட்டது. புதிய உறையை வாங்கும்போது நாம் காசு கொடுப்பது பளபளப்புக்காக அன்று. அதற்கு இன்னும் எந்த வரலாறும் இல்லை என்ற உறுதிக்காகவே. உங்கள் பெட்டியில் உள்ள உறைகளின் வரலாற்றை எவ்வளவு தூரம் உங்களால் அறிய முடியும் என்பதைப் பொறுத்தே என் பதிலும் அமையும்.

அடிமுத்திரையிலிருந்து தொடங்குங்கள். ‘எஃப்.ஏ.’ என்பது பிலடெல்பியாவில் இருந்த ஃபிராங்ஃபோர்டு ஆர்சனலைக் குறிக்கும். ‘எல்.சி.’ என்பது மிசௌரி மாநிலத்தில் 1941இல் தொடங்கப்பட்ட லேக் சிட்டி ஆலையைக் குறிக்கும். கூடவே உள்ள இரண்டு இலக்கங்கள் செய்யப்பட்ட ஆண்டைக் காட்டுபவை. 43 என்றிருந்தால் 1943. அமெரிக்க ராணுவத்துக்காக அமெரிக்காவிலேயே செய்யப்பட்ட .30-06 உறைகள் பாக்ஸர் முறையிலானவை என்பதால் மறுநிரப்புக்கு இடம் உண்டு. உங்களுக்குப் புரியாத குறிகள் உள்ள உறைகள் வேறு நாடுகளில் செய்யப்பட்டவையாக இருக்கலாம். அவற்றில் பெர்டான் முறை உறைகள் கலந்திருக்க வாய்ப்பு மிகுதி. ஒவ்வோர் உறையையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து வாய் வழியாக உள்ளே பாருங்கள். அடியின் நடுவே ஒரே துளை தெரிந்தால் பாக்ஸர். நடுவில் துளையின்றி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறு துளைகள் தெரிந்தால் பெர்டான். பார்க்காமல் பெர்டான் உறையை டைக்குள் (உறையை உரிய அளவுக்குச் சுருக்கும் அச்சுக்குள்) அழுத்தினால், பிரைமரைத் தள்ளும் ஊசி துளைக்குள் இறங்காமல் கெட்டியான அடியில் முட்டி வளைந்துவிடும், சில வேளைகளில் முறிந்தும் போகும். பெர்டான் உறையை நிரப்பத் தனிக் கருவிகள் உள்ளன. ஆனால் அதற்குரிய பிரைமர் கிடைப்பதே அரிது என்பதால்,.30-06 போல எங்கும் கிடைக்கும் அளவில் அந்தப் பாட்டைப் படத் தேவையில்லை. அவற்றைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.

அடுத்தது பிரைமர். பழைய தோட்டாக்களைப் பற்றிப் பேசும்போது பலரும் இரண்டு வேறு தீமைகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். பொட்டாசியம் குளோரேட் உள்ள பிரைமர் சுட்டபின் ஒருவகை உப்பை விட்டுச் செல்லும். அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக் குழலைத் துருப்பிடிக்க வைக்கும். அதனால் கேடு குழலுக்குத்தான். வெந்நீரில் நன்றாக அலசிவிட்டால் உறைக்குப் பெரிய பழுது இல்லை. அமெரிக்க ராணுவ .30-06 தோட்டாக்களில் இவ்வகைப் பிரைமர்கள் 1950களின் தொடக்கம் வரை இருந்தன. பாதரசம் உள்ள பிரைமர் வேறு வகை. அது வெடிக்கும்போது விடுபடும் பாதரசம் பித்தளையோடு கலந்து அதை நொறுங்கும் தன்மையுடையதாக்கிவிடுகிறது. கரிமருந்துக் காலத்தில் சுட்டபின் தங்கும் ஏராளமான கசடு பாதரசத்தை ஓரளவு தன்னுள் வாங்கிக்கொண்டது. புகையற்ற பவுடர் வந்தபின் அந்தக் கசடு குறைந்து, பாதரசம் நேரே உறையின் சுவரைத் தாக்கத் தொடங்கியது. இந்தப் பழுதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. உறை பளிச்சென்றே இருக்கும். அடுத்த முறை சுடும்போது பிளக்கும். கழுவினாலும் நீங்காது, சூடேற்றி இளக்கினாலும் தீராது. அமெரிக்க ராணுவம் தன் பொதுப் பயன்பாட்டுத் தோட்டாக்களில் பாதரசத்தை 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கைவிட்டுவிட்டது என்பதால் உங்கள் எஃப்.ஏ., எல்.சி. உறைகளுக்கு இந்த அச்சம் பெரிதாக இல்லை. ஆனால் பழைய வணிகத் தோட்டாக்களிலும் பிற நாட்டுத் தோட்டாக்களிலும் அது பின்னரும் நெடுங்காலம் நீடித்தது. இன்ன பிரைமர் என்று தெரியாத, இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய உறை எதையும் நான் நிரப்பமாட்டேன். உங்களையும் நிரப்பச் சொல்லமாட்டேன்.

மூன்றாவது சோதனை அடிப்பகுதிக்கானது. ஒரு காகிதக் கிளிப்பை நிமிர்த்தி, அதன் நுனியை மட்டும் மிகச் சிறிய கொக்கியாக மடக்கி, முனையை அரத்தால் கூராக்கிக்கொள்ளுங்கள். அதை உறையின் வாய் வழியாக அடிவரை இறக்கி, நுனி சுவரைத் தொட்டபடி மெதுவாக மேலே இழுங்கள். நல்ல உறையில் நுனி தடையின்றி வழுக்கி வரும். அடியின் தடித்த பகுதி முடிந்து சுவர் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஒரு பள்ளத்தில் விழுந்து ஏறுவதுபோல் விரலுக்கு உணர்வு வந்தால், அங்கே உள்சுவர் மெலிந்துவிட்டது என்று பொருள். அதே இடத்தில் வெளிப்புறம் ஒரு வெளிறிய வளையமும் தெரியக்கூடும். அந்த உறை அடுத்த முறையோ அதற்கடுத்த முறையோ சேம்பருக்குள்ளேயே (குழலில் தோட்டா அமரும் அறைக்குள்ளேயே) இரண்டாகப் பிரியக்கூடும்; பிரிந்தால் கொதிக்கும் வாயு பின்னோக்கிச் சுடுபவரின் முகத்தை நோக்கி வரக்கூடும். ஐயமிருந்தால் அந்தத் தொகுப்பில் ஒன்றை நீளவாக்கில் அறுத்துப் பாருங்கள். ஓர் உறையை இழப்பதில் நட்டமில்லை. மற்ற அனைத்தையும் பற்றிய உண்மை அதில் தெரிந்துவிடும்.

ராணுவ உறைகளில் பிரைமர் கழன்று வராதபடி அதைச் சுற்றிப் பித்தளையை நசுக்கி இறுக்கியிருப்பார்கள். முதல் முறை பழைய பிரைமரை எடுத்த பின் அந்த நசுக்கலை நீக்கினால்தான் புதிய பிரைமர் கோணாமல் இறங்கும். வெட்டி எடுக்கும் கருவியைவிட அழுத்தி விலக்கும் கருவியையே நான் பரிந்துரைப்பேன். வெட்டும்போது கை சற்றே மிகுந்தாலும் பிரைமர் குழி தளர்ந்துவிடும், தளர்ந்த குழிக்கு மருந்து கிடையாது.

இத்தனைக்கும் பிறகு உங்கள் பெட்டியில் ஒரே ஆலை, ஒரே ஆண்டு என்று ஐம்பது உறைகளாவது தேறினால், அவற்றைக் குறைந்த அழுத்தத்தில் பயிற்சிக்குப் பயன்படுத்துங்கள். ராணுவப் பித்தளை பொதுவாக உறுதியானது. ஆண்டுக்கு ஐந்தும் ஆறுமாகக் கலந்து கிடந்தால், புதிய நூறு உறைகளை வாங்கிவிடுங்கள். .30-06 அளவில் புதிய உறை எளிதாகக் கிடைக்கும்போது, கலவையான பழையவற்றைத் தரம் பிரிக்கும் உழைப்புக்கு ஈடான பலன் இலக்கில் கிடைப்பதில்லை. பெரியப்பாவின் நினைவாகச் சிலவற்றை நிரப்பாமலே வைத்துக்கொள்ளலாம். சில பழைய அடிமுத்திரைகளைத் தேடிச் சேகரிப்பவர்களும் இருக்கிறார்கள் என்பதால், முதலில் அவர்களில் ஒருவரிடம் காட்டுவதும் நல்லது.

கேள்வி: புதிய உறைகளைப் பையிலிருந்து எடுத்து அப்படியே நிரப்பலாம் என்கிறார் நண்பர். சரியா? விலை கூடிய உறைகளுக்கும் சாதாரண உறைகளுக்கும் உண்மையிலேயே வேறுபாடு உண்டா?

பதில்: அப்படியே நிரப்பக் கூடாது. பைக்குள் ஒன்றோடொன்று மோதி வருவதால் பல உறைகளின் வாய் நீள்வட்டமாக நசுங்கியிருக்கும். அவற்றைக் கழுத்து டையில் ஒருமுறை ஏற்றி வட்டமாக்கி, வாய் விளிம்பின் உள்ளும் புறமும் பிசிறு நீக்க வேண்டும். நீளத்தைக் கேலிப்பரால் அளந்து ஒரே அளவாக்க வேண்டும். .30-06க்கு உச்ச நீளம் 2.494 அங்குலம், வழக்கமாக 2.484க்கு வெட்டுவார்கள். அடித்துத் துளையிடப்பட்ட உறைகளில் பிரைமரின் நெருப்பு செல்லும் துளையின் உட்புறம் சிறு பிசிறு நிற்கும். அதை ஒருமுறை சீவிவிட்டால் பவுடர் பற்றுவது சீராகும்.

விலை வேறுபாட்டைப் பொறுத்தவரை, ஃபின்லாந்தின் லாபுவா, ஸ்வீடனின் நோர்மா போன்ற நிறுவனங்களின் உறைகளில் எடையும் சுவர்த் தடிமனும் உறைக்கு உறை மிகக் குறைவாகவே மாறுகின்றன. அந்தச் சீர்மைக்குத்தான் கூடுதல் விலை. தொலைதூர இலக்குப் போட்டியில் கலந்துகொள்பவருக்கு அது பயன் தரும். நூறு மீட்டர் தூரத்தில் பயிற்சி செய்பவருக்குச் சாதாரண வணிக உறைகளே போதும். எடை பார்த்து, மிகக் கனமானதையும் மிக லேசானதையும் ஒதுக்கிவிட்டால் மீதி ஒழுங்காக நடந்துகொள்ளும். எந்த நிறுவனமானாலும் தேவையான எண்ணிக்கையை ஒரே உற்பத்தித் தொகுப்பிலிருந்து வாங்குங்கள். விலையைவிட இதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

புதிய உறை முதல்முறை சுடப்படும்போது உங்கள் சேம்பரின் வடிவத்துக்கு விரிகிறது. ஆகவே முதல் சுற்றில் கிடைக்கும் வேகத்தையும், இலக்கில் குண்டுகள் எவ்வளவு நெருங்கிப் பட்டன என்பதையும் வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். இரண்டாம் சுற்றிலிருந்துதான் உறை உங்கள் துப்பாக்கிக்கு உரியதாகிறது.

கேள்வி: .308 வின்செஸ்டருக்கு வணிக உறையில் நன்றாகச் சுடும் ஒரு பவுடர் அளவை வைத்திருக்கிறேன். பழைய 7.62 நேட்டோ உறைகளிலும் அதே அளவைப் பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். 7.62 ராணுவ உறைகள் வெளியளவில் .308 உறைகளைப் போலவே இருந்தாலும், பெரும்பாலும் அவற்றைவிடக் கனமானவை. வெளியளவு ஒன்றாக இருக்கும்போது கூடுதலான பித்தளை உட்புறத்தில்தான் இடம் பிடித்திருக்கும். குறைந்த இடத்தில் அதே பவுடர் எரிந்தால் அழுத்தம் ஏறும்.

எவ்வளவு குறைகிறது என்பதை நீங்களே அளந்துகொள்ளலாம். உங்கள் துப்பாக்கியில் சுடப்பட்டு, இன்னும் டையில் ஏற்றாத உறை ஒன்றைப் பழைய பிரைமரோடு எடுத்து நிறுத்துப் பாருங்கள். பிறகு அதில் வாய் மட்டம் வரை தண்ணீர் நிரப்புங்கள். மேற்பரப்பு குமிழாக உயராமலும் குழியாமலும், பிரைமரின் விளிம்பில் காற்றுக்குமிழ் ஒட்டாமலும் பார்த்துக்கொண்டு மீண்டும் நிறுக்க வேண்டும். இரண்டு எடைகளின் வேறுபாடே உறையின் கொள்ளளவு. ஒவ்வொரு வகையிலும் ஐந்து உறைகளையாவது அளந்து சராசரி காணுங்கள். பித்தளையின் அடர்த்தி தண்ணீரைப் போல ஏறத்தாழ எட்டரை மடங்கு என்பதால், உறை 17 கிரெயின் (தோட்டா நிரப்புவோர் பயன்படுத்தும் சிறு எடை அலகு) கூடுதல் எடையுடன் இருந்தால் கொள்ளளவு சுமார் 2 கிரெயின் தண்ணீர் குறைந்திருக்கலாம் என்று தோராயமாகக் கணக்கிடலாம். ஆனால் கூடுதல் எடை முழுதும் உள்ளேதான் இருக்கும் என்பதில்லை. விளிம்பிலும் அதன் பள்ளத்திலும் கொஞ்சம் ஒளிந்திருக்கக்கூடும். அதனால்தான் தண்ணீர் அளவையே நான் நம்புகிறேன்.

எந்த உறைக்கு மாறினாலும், பழையதிலிருந்து புதியதற்கு மாறினாலும்கூட, நம்பத்தக்க கையேட்டில் உள்ள தொடக்க அளவுக்கு இறங்கிச் சிறுகச் சிறுக ஏறி வருவதே முறை. ராணுவ உறைகள் எந்திரத் துப்பாக்கியில் சுடப்பட்டவையாக இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. அவற்றின் சேம்பர் தளர்வாக வெட்டப்பட்டிருப்பதால் உறையின் அடிப்பக்கம் உப்பியிருக்கும். சாதாரண டை அதை முழுமையாகச் சுருக்காது. சேம்பரைப் பின்னிருந்து மூடும் போல்ட் சிரமப்பட்டு மூடினால் காரணம் பெரும்பாலும் இதுவே. ‘ஒருமுறை மட்டும் சுடப்பட்டது’ என்று சொல்லி விற்கப்படும் உறைகளை வாங்குமுன், எதில் சுடப்பட்டது என்று கேளுங்கள். விற்பவருக்குத் தெரியவில்லை என்றால் காகிதக் கிளிப் சோதனையை எல்லா உறைகளுக்கும் செய்துவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் லீ-என்ஃபீல்டு .303 ரைஃபிள் இருக்கிறது. வாங்கிய பழைய உறைகள் இரண்டு மூன்று முறை நிரப்பியதுமே அடியில் பிரியத் தொடங்குகின்றன. புதிய உறை வாங்கினாலும் இதே கதிதானா? துப்பாக்கியில் குறையா?

பதில்: துப்பாக்கியைத் தகுதியுள்ள ஒருவரிடம் கொடுத்து ஹெட்ஸ்பேஸ் அளவை (மூடிய போல்ட்டுக்கும் சேம்பரில் தோட்டா நிற்கும் இடத்துக்கும் இடையேயான தூரத்தை) சோதித்துவிடுங்கள், அது எப்போதுமே முதல் வேலை. அது சரியாக இருந்தும் இப்படி நடக்கிறது என்றால், நீங்கள் சொல்வது அந்த ரைஃபிளின் அமைப்போடு சேர்ந்தே வருவது. .303 அடியில் விளிம்புள்ள தோட்டா. சேம்பரில் அதன் நிலையைத் தீர்மானிப்பது விளிம்பே, தோள் (உடல் கழுத்தாகக் குறுகும் சரிவு) அன்று. சேறும் தூசியும் படிந்த போர்க்களத்திலும் தோட்டா தடையின்றி உள்ளே போக வேண்டும் என்பதால் ராணுவ சேம்பர்களில் தோளுக்கு முன்னே தாராளமாக இடம் விட்டு வெட்டினார்கள். மேலும் அந்த போல்ட்டின் பூட்டு பின்பக்கம் இருப்பதால் சுடும்போது சற்று நெகிழும். எனவே முதல் வெடிப்பிலேயே உறையின் முன்பகுதி சேம்பர் சுவரைப் பற்றிக்கொள்ள, அடிப்பகுதி பின்னே தள்ளப்பட்டு, இரண்டுக்கும் நடுவே சுவர் இழுபட்டு மெலிகிறது. பிறகு நீங்கள் முழு நீள டையில் ஏற்றித் தோளைப் பழைய இடத்துக்கே தள்ளிவிட்டால், ஒவ்வொரு முறையும் அதே இழுவை திரும்ப நிகழ்கிறது.

இங்கே புதிய உறையின் பக்கமே நான் உறுதியாக நிற்கிறேன். வேறொருவர் சுட்ட பழைய உறை, வேறொரு சேம்பரில் ஏற்கெனவே இழுபட்டுத்தான் உங்களிடம் வருகிறது. நீங்கள் என்ன கவனம் எடுத்தாலும் மெலிந்த சுவர் மீண்டும் தடிக்காது. மேலும் பழைய ராணுவ .303 உறைகளில் பெரும்பகுதி பெர்டான். புதிய உறையில் அந்த முதல் வெடிப்பை நீங்கள் கட்டுப்படுத்தலாம். விளிம்புக்குச் சற்று முன்னே உறையைச் சுற்றி மெல்லிய ரப்பர் வளையம் ஒன்றை மாட்டி, மிதமான தொடக்க அளவு பவுடரோடு சுடுவது பலரும் கையாளும் முறை. வளையம் உறையைப் பின்னே போல்ட் முகத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொள்வதால், அடி பின்னே பாய இடமில்லாமல் தோள் முன்னே விரிந்து சேம்பரை நிரப்புகிறது. அதன்பின் முழு நீள டையைத் தவிர்த்துக் கழுத்தை மட்டும் சுருக்கி நிரப்புங்கள். போல்ட் மூட இறுக்கமாகும்போது மட்டும் தோளை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கு பின்தள்ளினால் போதும். இவ்வாறு நடத்தப்படும் உறைகள், நீங்கள் இப்போது காண்பதைவிடப் பல மடங்கு நீடிக்கும். அந்த உறைகள் அந்த ஒரு ரைஃபிளுக்கு மட்டுமே உரியவை. பெட்டியின் மீது அதன் எண்ணை எழுதிவையுங்கள்.

கேள்வி: பழைய உறைகளில் கறுப்பும் பச்சையும் படிந்துள்ளன. வீட்டில் பித்தளை துலக்கும் திரவம் கொண்டு தேய்க்கலாமா?

பதில்: அந்தத் திரவத்தில் அமோனியா இருந்தால் கூடவே கூடாது. காரணம் தெரிந்தால் கை தானாகவே தயங்கும் என்பதற்காகச் சற்று விரித்துச் சொல்கிறேன். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படையின் தோட்டாக்கள், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைக்கப்பட்டிருந்தபோது, யாரும் தொடாமலே விரிசல் விட்டன. உறையை அழுத்தி இழுத்துச் செய்யும்போது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கமும், குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாவும் சேர்ந்தே பித்தளையைப் பிளந்தன என்ற விளக்கம் 1921இல்தான் நிலைநாட்டப்பட்டது. உறையைச் சூடேற்றி அந்த இறுக்கத்தைத் தளர்த்துவதே அதற்குத் தீர்வாக அமைந்தது. பழைய உறையின் கழுத்தோ பலமுறை சுருங்கி விரிந்து மீண்டும் இறுகியிருக்கிறது. அதன்மேல் நாமே அமோனியாவைத் தடவுவது அந்த லாயத்தை வீட்டுக்குள் கொண்டுவருவதற்குச் சமம்.

வெந்நீரும் பாத்திரம் துலக்கும் திரவமும், மிகச் சிறிதளவு சிட்ரிக் அமிலமும் போதும். சில நிமிடங்கள் ஊறவைத்து, நன்றாக அலசி, முழுதும் உலர விடுங்கள். மக்காச்சோளத் தக்கைத் தூளில் உருட்டுவதும் நல்ல முறையே. அப்படி உருட்டும்போது எழும் தூசியில் பிரைமரின் ஈயம் இருக்கும். மூடியை வீட்டுக்குள் திறக்காதீர்கள், வேலை முடிந்ததும் கை கழுவாமல் எதையும் உண்ணாதீர்கள். நிறம் மங்கியிருப்பது குறையன்று. பச்சைப் படிவை நீக்கிய பின் நகத்தால் தடவிப் பாருங்கள். குழி தட்டுப்பட்டாலோ, பித்தளை இளஞ்சிவப்பாகத் தெரிந்தாலோ, துத்தநாகம் கரைந்து வெளியேறியிருக்கிறது. அந்த உறை வேண்டாம்.

கேள்வி: பழைய உறையின் கழுத்தைச் சூடேற்றி இளக்கினால் புதியதுபோல் ஆகிவிடுமா?

பதில்: கழுத்தும் தோளும் புதியதுபோல் ஆகும், மற்ற எதுவும் ஆகாது. ஒவ்வொரு முறை சுடும்போதும் டையில் ஏற்றும்போதும் கழுத்து உரமேறிக் கடினமாகிறது. கடினமான கழுத்து குண்டை ஒவ்வொரு தோட்டாவிலும் வெவ்வேறு இறுக்கத்தில் பிடிக்கும், கடைசியில் வாயிலிருந்து நீளவாக்கில் பிளக்கும். அனீலிங் எனப்படும் இளக்குதல் அந்தக் கடினத்தைப் போக்குகிறது. ராணுவ உறைகளின் கழுத்தில் காணப்படும் நீலமும் பழுப்பும் கலந்த நிறம் ஆலையில் செய்த இந்த வேலையின் அடையாளமே. பல வணிக நிறுவனங்கள் இதையே செய்துவிட்டு, நிறத்தைத் தேய்த்து நீக்கிவிடுகின்றன.

சூடு அடிப்பகுதிக்குப் போய்விடக் கூடாது. சேம்பருக்கு வெளியே தாங்குதலின்றி நின்று முழு அழுத்தத்தையும் சுமப்பது அந்த அடிதான். அது இளகிவிட்டால் உறை ஆபத்தானது, அதைத் திரும்பக் கடினமாக்க நம்மிடம் வழியில்லை. தட்டில் பாதி உயரம் தண்ணீர் விட்டு அதில் உறைகளை நிறுத்திக் கழுத்தைச் சூடேற்றுவது பழைய முறை. நேரத்தைக் கணக்கிட்டுச் சுழற்றும் எந்திரங்கள் இப்போது உள்ளன. எந்த முறையானாலும் சில நொடிகள்தான். கழுத்து பிரகாசமான சிவப்பாக ஒளிர்ந்தால் அளவு மீறிவிட்டது. வெப்பத்தில் நிறம் மாறும் பூச்சை உறையின் உடல்மீது இட்டு, சூடு எவ்வளவு கீழே இறங்குகிறது என்று முதல் சில உறைகளில் சரிபார்க்காமல் முழுத் தொகுப்பிலும் கைவைக்காதீர்கள்.

கேள்வி: என் பழைய ரைஃபிளின் அளவுக்குப் புதிய உறை கிடைக்கவில்லை. வேறு அளவின் உறையை வெட்டி உருமாற்றலாமா?

பதில்: சில அளவுகளுக்கு இயலும். .30-06 உறையைச் சுருக்கி 8×57 மவுசருக்கு உருமாற்றுவது நன்கு அறியப்பட்ட வழக்கம். இரண்டு எச்சரிக்கைகள். வெட்டிய பின் கழுத்தாக வருவது முன்பு உடலாக இருந்த பித்தளை, அது தடித்திருக்கலாம். குண்டு ஏற்றிய கழுத்து சேம்பரில் விரிய இடமில்லாவிட்டால் அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறும். எனவே குண்டு ஏற்றிய கழுத்தின் வெளிவிட்டத்தை அளந்து, தேவைப்பட்டால் சீவி மெலிதாக்குங்கள். இரண்டாவது, அடிமுத்திரை இனி பொய் சொல்லும். உங்களுக்குப் பின் அந்தப் பெட்டியைத் திறப்பவருக்கு அது .30-06 என்றே தோன்றும். பெட்டியில் தெளிவாக எழுதுவதோடு, ஒவ்வோர் உறையின் அடியிலும் அழியாத மையால் குறியிடுங்கள். கிடைக்காத அளவுகளில் மட்டும் பழைய உறைக்காக இத்தனை பாடுபடலாம் என்பது என் எண்ணம். ஆனால் தேடிக் கிடைக்கும் மிகப் பழைய உறைகளில், பிரைமர் குழி உள்ளே புடைத்து நிற்கும் பலவீனமான அடி அமைப்பு உள்ளவை தட்டுப்படும். ஒன்றை அறுத்துப் பார்த்து அடி கெட்டியாக இல்லையென்றால் புகையற்ற பவுடரை அதில் நினைக்கவே வேண்டாம்.

கேள்வி: சுடப்படாத பழைய தோட்டாக்களைப் பிரித்து, உறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா? சுடாத உறை புதியதற்குச் சமம்தானே?

பதில்: சமம் என்று கொள்ள முடியாது. பழைய பவுடர் சிதையும்போது அமில ஆவி வெளிவிடும்; அது உறையை உள்ளிருந்தே அரிக்கும். வெளியே சுத்தமாக இருக்கும் தோட்டாவின் உட்சுவர் பச்சை பிடித்துப் போயிருக்கலாம். கண்ணாடி அணிந்து, சுத்தியல் வடிவிலான குண்டு நீக்கியைக் கொண்டு ஒன்றை மட்டும் முதலில் பிரியுங்கள். பவுடர் நாசியை உறுத்தும் நெடியோடு வந்தாலோ, செம்பழுப்புத் தூள் கலந்திருந்தாலோ, மற்றவற்றைப் பிரிக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, அவற்றைப் பாதுகாப்பாக ஒப்படைக்க உள்ளூர்க் காவல்துறையின் வழிகாட்டுதலைக் கேளுங்கள். பவுடர் நன்றாக இருந்தாலும் அதை மறுபடி பயன்படுத்தக் கூடாது. உயிருள்ள பிரைமரை வேகமாகத் தட்டி வெளியேற்றவும் கூடாது. இவ்வளவுக்குப் பின்னும் உறையின் உட்புறம் பளிச்சென்று இருந்து, கழுத்தில் விரிசல் இல்லாமல், பாக்ஸர் முறையாகவும் பாதரசமில்லாத பிரைமராகவும் உறுதியானால், அந்த உறையை மற்றப் பழைய உறைகளுக்குச் சொன்ன அதே சோதனைகளுக்கு உட்படுத்தி, கழுத்தை இளக்கிய பின் குறைந்த அழுத்தத்தில் பயன்படுத்தலாம்.